சினையாடு குட்டி வீசினால் என்ன செய்ய வேண்டும்? தொப்புள்கொடிச் சிக்கல் முதல் தொற்றுநோய் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், கானாடுகாத்தான், திருமயம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில் நெல் பொய்த்த ஆண்டுகளிலும் கையில் காசு தருவது ஆடுதான். பள்ளை ஆடும் நாட்டு வெள்ளாடும் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் கண்மாய்க் கரைகளிலும் தரிசுகளிலும் மேய்ந்து வளர்கின்றன. இங்கே ஓர் ஆடு நாள் நிறையும் முன்பே குட்டியை வீசிவிட்டால், பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள்தாம் சொல்லப்படும்: கண்ணேறு பட்டுவிட்டது, இல்லையென்றால் கொடி சுற்றிச் செத்துவிட்டது. முதல் விளக்கத்தை விட்டுவிடலாம். இரண்டாவது விளக்கம் உடற்கூறு சார்ந்தது போலத் தோன்றுவதால், படித்தவர்களும் அதை ஏற்று, செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் குப்பையில் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

உண்மையில், ஆடுகளில் தொப்புள்கொடி முறுக்கிக்கொண்டு வயிற்றுக்குள்ளேயே குட்டி சாவது அரிது. அந்தச் சிக்கலுக்குப் பேர்போனது குதிரைதான். அதன் தொப்புள்கொடி நீளமானது, நீளம் கூடக் கூட முறுக்கு விழும் வாய்ப்பும் கூடும். குதிரையிலும் ஒட்டகத்திலும் நஞ்சுக்கொடி கருப்பையின் உட்சுவர் முழுவதும் பரவி ஒட்டியிருக்கும். ஆடு, மாடுகளிலோ அது தனித்தனித் திட்டுகளாகவே ஒட்டுகிறது, தொப்புள்கொடியும் குட்டையானது. ஆகவே ஆடு குட்டி வீசும்போது தொற்று, தீவனக் குறை, தவறான மருந்து, அடிபடுதல் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். கொடிச் சிக்கல் ஆடுகளில் பெரும்பாலும் குட்டி ஈனும் நேரத்திலும் அதற்குப் பிந்தைய சில நாட்களிலும்தான் உயிரை வாங்குகிறது. அங்கே நம் கையால் தடுக்கக்கூடியதும் நிறைய உண்டு.

முதல் படி: சினை பிடித்த நாளைக் குறித்து வைத்தல்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். செம்மறிக்கு இரண்டு மூன்று நாட்கள் குறையும். கிடா சேர்ந்த நாள் எழுதி வைக்கப்பட்டிருந்தால், குட்டி வீசியது எந்த மாதத்தில் என்பது உடனே தெரிந்துவிடும். காரணத்தைத் தேடும் வழி அங்கிருந்தே பிரிகிறது. முதல் மாதத்தில் கரு அழிந்தால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும் பருவம் தவறி வருவதைக் கொண்டுதான் அதை ஊகிக்க முடியும். அந்தக் காலத்தில் அல்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்தைக் கொடுப்பது கருவுக்குக் கேடு என்பதைப் பலர் அறிவதில்லை. மந்தைக்கு மொத்தமாக மருந்து ஊற்றும் நாளில் இளஞ்சினை ஆடுகளைத் தனியே பிரித்துவிட்டு, அவற்றுக்கு வேறு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். நடுக்காலத்தில் கரு வற்றி, கருகிய தோலும் எலும்புமாக வெளியே வருமானால் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் மேல் ஐயம் செல்லும். கடைசி இரண்டு மாதங்களில் வீசுவதற்குப் புரூசெல்லா, கிளமிடியா என்னும் பாக்டீரியாக்கள் முதன்மையான காரணங்கள்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் சுரப்பைச் செம்மறியில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் நஞ்சுக்கொடியே ஏற்றுக்கொள்கிறது. வெள்ளாட்டிலோ கடைசி வரை சினைப்பையிலுள்ள மஞ்சள் திரள் ஒன்றுதான் அதைச் சுரக்கிறது. அது தளர்ந்தால் சினை நிற்காது. நாய் துரத்துதல், நெடுந்தொலைவு வண்டியில் ஏற்றுதல், திடீர்ப் பட்டினி, கொம்பால் குத்துப்படுதல் போன்றவற்றை ஒரு செம்மறி தாங்கிக்கொள்ளும் இடத்தில் வெள்ளாடு குட்டியை வீசிவிடுவதற்கு இதுவே அடிப்படை. நிறைசினை ஆட்டைத் திருப்புவனம் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் அங்கிருந்து வாங்கி வருவதும் இந்தக் காரணத்தாலேயே நல்லதல்ல.

இரண்டாம் படி: குட்டி வீசிய முதல் ஒரு மணி நேரம்

தாயாட்டை உடனே மற்ற ஆடுகளிடமிருந்து பிரித்துத் தனியே கட்ட வேண்டும். கையுறை இல்லையென்றால், தடித்த பிளாஸ்டிக் பையைக் கையில் மணிக்கட்டுக்கு மேல் வரை மாட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்ட பிறகே குட்டியையோ நஞ்சுக்கொடியையோ தொடலாம். கருவுற்ற பெண்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கிளமிடியாவும் டாக்சோபிளாஸ்மாவும் அவர்களின் வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு செய்யும். ஆட்டுக்கொட்டிலைக் கூட்டி அள்ளுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருப்பதால் இதை ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்த நாட்களில் அந்த வேலையை வீட்டு ஆண்கள்தான் எடுத்துச் செய்ய வேண்டும்.

புரூசெல்லா மனிதருக்குத் தரும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மால்டா காய்ச்சல் என்று பெயர். மால்டா தீவில் இறந்த படைவீரர்களின் உடலிலிருந்து 1887இல் அக்கிருமியைப் பிரித்தறிந்தவர் டேவிட் புரூஸ். அது ஆட்டுப்பால் வழியே வருகிறது என்பதை 1905இல் கண்டுபிடித்தவர் தெமிஸ்டோகிளிஸ் சாமிட். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், காய்ச்சாத ஆட்டுப்பால் உடம்புக்கு நல்லது என்று குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குட்டி வீசிய ஆட்டின் பாலைச் சோதனை முடிவு வரும்வரை யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுவதே பாதுகாப்பு. மற்ற ஆடுகளின் பாலையும் பொங்கக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும்.

நாயும் பூனையும் நெருங்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த முதல் மணி நேரத்தின் வேலைதான். நாய் நஞ்சுக்கொடியைக் கவ்விக்கொண்டு ஓடினால், தொற்று அடுத்த கொட்டிலுக்குப் போவதோடு நமக்கு வேண்டிய சான்றும் அதன் வாயோடு போய்விடுகிறது.

மூன்றாம் படி: நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடியையும் பார்த்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இதற்குக் கால் மணி நேரம் போதும். சுத்தமான பிளாஸ்டிக் தாளை வெளிச்சமான இடத்தில் விரித்து, அதன்மேல் நஞ்சுக்கொடியை மடிப்பில்லாமல் பரப்ப வேண்டும். அதை நீரில் கழுவக் கூடாது. நல்ல நஞ்சுக்கொடியில் பொத்தான் அளவுள்ள திட்டுகள் கருஞ்சிவப்பாக, ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள சவ்வு மெல்லியதாக, அடியில் உள்ள தாள் தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவுவதாக இருக்கும். இந்த இரண்டில் எது கெட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

திட்டுகள் களிமண் நிறத்துக்கு மாறி, இடைச்சவ்வும் தோல் போலத் தடித்துப் பழுப்பேறியிருந்தால் கிளமிடியாவை எண்ண வேண்டும். இடைச்சவ்வு நன்றாகவே இருந்து, திட்டுகளில் மட்டும் கடுகிலும் சிறிய வெண்புள்ளிகள் தெறித்தது போலக் காணப்பட்டால் அது டாக்சோபிளாஸ்மாவின் அடையாளம். நீர் கோத்து வீங்கி, அங்கங்கே அழுகி, மஞ்சள் கசிவோடு இருந்தால் புரூசெல்லா உள்ளிட்ட பாக்டீரியாத் தொற்றுகள் ஐயப் பட்டியலில் முதலில் நிற்கும். கண்ணால் பார்த்தே நோயை உறுதி செய்துவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போது, ஆடு குட்டி வீசிவிட்டது என்று மட்டும் சொல்வதற்கும், திட்டுகளில் வெண்புள்ளி இருக்கிறது, சவ்வு மெல்லிசாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அடுத்தது தொப்புள்கொடி. கொடியில் இரண்டொரு முறுக்கு இருப்பது இயல்பு. வெளியே வரும்போதும் நாம் எடுத்து வைக்கும்போதும்கூட அது முறுக்கிக்கொள்ளும். ஆகவே முறுக்கைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உயிரோடு இருந்தபோதே கொடி இறுகியிருந்தால், முறுக்கின் ஒரு பக்கம் இரத்தம் தேங்கிக் கறுத்து வீங்கியிருக்கும், மறுபக்கம் வெளிறியிருக்கலாம். கொடிக்குள் நீர் கோத்தும், இரத்தம் உறைந்தும், சில இடங்களில் பை போலப் புடைத்தும் காணப்படும். கழுத்திலோ காலிலோ சுற்றியிருந்தால், சுற்றை விலக்கிய பிறகும் தோலில் பள்ளமான தடம் நிற்கும். வீக்கமும் கறுப்பும் தடமும் இல்லாமல் வெறும் முறுக்கு மட்டும் இருக்குமானால், குட்டி வேறு காரணத்தால் இறந்த பிறகு கொடி முறுக்கிக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் ஓர் ஆத்தா, "கொடி சுத்திப் போச்சுய்யா, பாருங்க, கழுத்துல கிடக்கு" என்று ஒரு குட்டியைக் காட்டினார். கொடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தடமே இல்லை. கொடியும் வெளிறி மெலிந்துதான் கிடந்தது. நஞ்சுக்கொடியை விரித்தபோது திட்டுகள் எல்லாம் சாம்பல் பூத்த களிமண்ணாக இருந்தன. "அப்ப இந்தக் கொடி இல்லையாய்யா?" என்று அவர் கேட்டதற்கு, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்போம் ஆத்தா என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லக்கூடியதும் அவ்வளவுதான்.

குட்டியையும் பார்க்க வேண்டும். உடல் முழுவதும் ரோமம் மூடி, தோல் புத்தம் புதிதாக இருந்தால் இறந்து நெடுநேரம் ஆகவில்லை. ரோமம் கையோடு வந்து, தோலுக்கடியில் சிவந்த நீர் தேங்கியிருந்தால் வயிற்றுக்குள் இறந்து நாளாகிவிட்டது. உடம்பில் மஞ்சளும் பழுப்புமாகச் சாணக்கறை படிந்திருந்தால், பிறக்கும் முன் மூச்சுக்குத் தவித்துக் குட்டி உள்ளேயே கழிந்திருக்கிறது. கொடி நசுங்கியதற்கும் பிரசவம் நீண்டதற்கும் இது பொருந்தும். கழுத்தில் கட்டி போல வீங்கி, ரோமம் இல்லாமல் பிறந்தால் அயோடின் குறையை எண்ண வேண்டும். குட்டியை வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது. குட்டி மூச்சு விட்டதா என்பதை அறிய நுரையீரல் துண்டை நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகள் மருத்துவரின் வேலை.

நான்காம் படி: மாதிரி அனுப்புதல்

குட்டியையும், கெட்டுப்போன திட்டுகள் உள்ள நஞ்சுக்கொடித் துண்டையும் தனித்தனி இரட்டைப் பைகளில் கட்டி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைக்க வேண்டும்; உறைய வைக்கக் கூடாது. கிருமி வளர்த்துப் பார்க்கும் மாதிரியில், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் படவே கூடாது. திசு ஆய்வுக்கான சிறு துண்டு மட்டும், துண்டைப் போலப் பத்து மடங்கு அளவுள்ள 10 விழுக்காடு ஃபார்மலினில் போகும். இந்த ஏற்பாட்டைக் கால்நடை மருத்துவரே செய்வார். நம் பங்கு, அவர் வரும்வரை பொருளைக் கெடாமல் வைத்திருப்பது. நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். தாயாட்டின் இரத்தம் அன்றும், இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையில் எதிர்ப்பொருள் அளவு ஏறியிருக்கிறதா என்பதுதான் பல நோய்களில் தீர்ப்புச் சொல்லும். முதல் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதுதான் பலர் செய்வது. மாதிரி எடுக்கும் முன் மருந்துக்கடையில் வாங்கி ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டால், தேடும் கிருமி கிடைக்காமலே போகலாம்.

ஐந்தாம் படி: புதைத்தல், கொட்டிலைச் சுத்தம் செய்தல்

மாதிரி போக எஞ்சியதை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நம் பகுதியின் செம்பூரான் மண் கோடையில் கடப்பாரைக்கும் அசையாது. ஆகவே ஆடுகள் குட்டி போடும் பருவத்துக்கு முன்பே, மழை ஈரம் இருக்கும்போது ஒரு குழியை வெட்டிப் பலகையால் மூடி வைத்துக்கொள்வது நல்லது. ஊருணி, கண்மாய், வரத்துக்கால் ஆகியவற்றின் அருகே புதைக்கக் கூடாது. மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பால் பெருகும் என்பது நம்பிக்கை. நல்ல பிரசவத்தில் அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை, ஆனால் கன்றோ குட்டியோ வீசப்பட்ட இளங்கொடியை மட்டும் அப்படித் தொங்கவிடக் கூடாது. காகமும் நாயும் அதை ஊர் முழுக்கப் பரப்பிவிடும். ஆடு கிடந்த இடத்து வைக்கோலை எரித்துவிட்டு, தரையில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் காயவிட வேண்டும்.

ஆறாம் படி: தாயாட்டைக் கவனித்தல்

நஞ்சுக்கொடி பொதுவாகச் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். 12 மணி நேரம் கடந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் மருத்துவர் வர வேண்டும். அதைக் கையால் இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழித்து ஆட்டையே கொன்றுவிடும். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, தீவனம் எடுக்காமை ஆகிய மூன்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

ஏழாம் படி: குட்டி ஈனும்போது கொடியைக் காத்தல்

முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் முதலில் வந்தால் கவலையில்லை. பின்னங்கால்கள் முதலில் வந்தால் நிலைமை வேறு. குட்டியின் வயிறு தாயின் இடுப்பெலும்பைக் கடக்கும்போது கொடி நசுங்குகிறது, தலையோ இன்னும் உள்ளே நீருக்குள் இருக்கிறது. அந்நேரத்தில் குட்டி மூச்சிழுக்க முயன்றால் பனிக்குட நீர்தான் நுரையீரலுக்குள் போகும். ஆகவே பின்னங்கால்களின் முழங்கால் முடிச்சு வெளியே தெரிந்த பிறகு தாமதிக்காமல், தாய் முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்துக் குட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். கால் எந்தப் பக்கத்தது என்று அறிய, குளம்புக்கு மேலே இரண்டாவது மூட்டைத் தடவிப் பார்க்கலாம். முதல் மூட்டு மடங்கும் திசையிலேயே அதுவும் மடங்கினால் முன்னங்கால், எதிர்த்திசையில் மடங்கிக் கூர்மையாக முனை தட்டுப்பட்டால் பின்னங்கால். கழுத்தில் கொடி சுற்றி வந்தால் முதலில் விரலால் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட முயல வேண்டும்.

குட்டி வந்தவுடன் கொடியை வெட்ட ஓடக் கூடாது. தாய் எழும்போதோ குட்டி துடிக்கும்போதோ கொடி தானாக அறுந்துவிடும். அப்படி அறுந்தால் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தாமாகவே மூடிக்கொள்ளும். இரத்தம் சொட்டினால் மட்டும், கொதிக்க வைத்த நூலால் வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்ட வேண்டும். கொடி அறாமல் நீண்டு கிடந்தால் அதே இடத்தில் கட்டி, கட்டுக்குக் கீழே புதுப் பிளேடால் வெட்டலாம். அரிவாளும் பழைய கத்தரியும் ஜன்னி என்னும் டெட்டனஸுக்கு வழி.

வெட்டிய முனையில் மஞ்சளும் சாம்பலும் அப்புவதைக் காட்டிலும், சிறு குப்பியில் 7 விழுக்காடு டிங்சர் அயோடினை ஊற்றி, குட்டியின் வயிற்றில் குப்பியின் வாயை அழுத்தி வைத்து, கொடி முழுவதும் நனையும்படி முக்குவது நல்லது. பஞ்சால் தடவினால் மேல்தோல் மட்டுமே நனையும். முதல் நாள் இரு முறையும் அடுத்த இரண்டு நாட்களும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்கி, ஒரு நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகும்படி பார்க்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு ஏறத்தாழ 200 மில்லி.

பிறகு பத்து நாட்களுக்குத் தொப்புளைத் தினமும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்து சுருங்கி உதிர்வது இயல்பு. சூடும் வீக்கமும் சீழும் இருந்தால் தொப்புள் சீழ். அது இரத்தத்தில் கலந்து முழங்கால்களை வீங்க வைத்து, குட்டி நொண்டத் தொடங்கிய பிறகு காப்பாற்றுவது கடினம். தொப்புள் ஓயாமல் ஈரமாக இருந்து மூத்திர வாடை வீசினால், சிறுநீர்ப்பையோடு தொடர்புள்ள குழாய் மூடவில்லை என்று பொருள். மெத்தென்ற புடைப்பு, அழுத்தினால் உள்ளே போனால் குடலிறக்கம். அதைச் சீழ்க்கட்டி என்று எண்ணிக் கீறிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈ முட்டையிட்டுத் தொப்புளில் புழு வைப்பது இங்கே அடிக்கடி நிகழும். அந்த மாதங்களில் குட்டிகளை உலர்ந்த மேட்டுத் தரையில் அடைப்பது மருந்தைக் காட்டிலும் பயன் தரும்.

எட்டாம் படி: மந்தையைப் பார்த்தல்

நூறு சினையாடுகளில் ஒன்றிரண்டு வீசுவது எங்கும் நடப்பது. ஐந்துக்கு மேல் போனாலோ, சிறு மந்தையில் அடுத்தடுத்து இரண்டு வீசினாலோ தொற்று என்றே கொண்டு மந்தை முழுவதற்கும், கிடாவுக்கும் சேர்த்து, இரத்தம் சோதிக்க வேண்டும். புதிதாக வாங்கும் ஆட்டை ஒரு மாதம் தனியே வைக்க வேண்டும். பூனை தீவன மூட்டையில் கழியாதபடி மூடி வைப்பது டாக்சோபிளாஸ்மாவைத் தடுக்கும் எளிய வழி.

காய்ச்சலோடு மூக்கொழுகிக் கழிந்து, கூடவே குட்டியும் வீசினால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் 1987இல் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். ஒரு முறை போடும் தடுப்பூசி மூன்று ஆண்டுகள் காக்கும். அதைப் போடாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மழைக்காலத்தில் கொசுவினும் சிறிய பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோயும் செம்மறிகளில் கருவைக் கலைக்கும்.

தீவனத்தில் கவனம் வேண்டியது கடைசி ஆறு வாரம். குட்டியின் எடையில் பெரும்பகுதி அப்போதுதான் ஏறுகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு வயிற்றில் இடம் குறைந்து, சீமைக்கருவேல நெற்றையும் காய்ந்த புல்லையும் மட்டும் மேய்ந்து தேவையை ஈடுகட்ட முடியாது; உடல் கொழுப்பைக் கரைத்து நஞ்சேறிப் படுத்துவிடும். நாளொன்றுக்கு கால் கிலோ அளவில் தவிடும் புண்ணாக்கும் தானியமும் கலந்த அடர்தீவனம், தாது உப்பு, கிடைக்கும்போது அகத்தி ஆகியவை போதும். மழை தவறி வாடிய இளஞ்சோளத்தில் மேய விடவே கூடாது.

குட்டி வீசிய ஆட்டை வைத்துக்கொள்வதா, கழிப்பதா?

நம்மில் பலர் குட்டி வீசிய ஆட்டை அடுத்த சந்தையிலேயே தள்ளிவிடுகிறோம். காரணம் தெரியாமல் இதைச் செய்வது இரு பக்கமும் இழப்பு. டாக்சோபிளாஸ்மாவால் வீசிய ஆடு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறது. அடுத்த ஈற்றில் நல்ல குட்டி தரும், அதை விற்பது வீண். கிளமிடியாவால் வீசியதும் பெரும்பாலும் மறுபடி வீசாது. ஆனால் கிருமியை வெளியேற்றக்கூடும் என்பதால், கசிவு முற்றிலும் நிற்கும்வரை பிரித்து வைத்து, இன்னும் ஈனாத இளம் ஆடுகளோடு சேர்க்காமல், மருத்துவர் சொல்லும் சிகிச்சையோடு வைத்துக்கொள்ளலாம். புரூசெல்லா உறுதியானால் அந்த ஆட்டை மந்தையில் வைத்திருக்கவும் கூடாது, இன்னொருவர் மந்தைக்குப் போகும்படி சந்தையில் விற்கவும் கூடாது; கழிக்கும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்ய வேண்டும். தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2019 முதல் புரூசெல்லா தடுப்பூசி போடப்படுவது 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத்தான். ஆட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லாததால் சோதித்துக் கழிப்பதே வழி. சோதனையில் தொற்றில்லை என்று தெரிந்த ஆட்டை, உடல் தேறி, இரண்டு பருவம் கடந்த பிறகு, இரத்தம் சோதிக்கப்பட்ட கிடாவோடு சேர்க்கலாம்.